பதினான்கு பென்சில் புள்ளிகள்

அதிபரின் அறைக்கு வெளியே போட்டிருந்த வாங்கில் அந்தத் தம்பி உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரதேச செயலகத்திலிருந்து வந்த உத்தியோகத்தர். கற்பிட்டி வீதியில் மோட்டார் சைக்கிளில் வந்தால் சேர்ட்டின் முதுகு எப்படியாகுமோ அப்படியாகியிருந்தது. மடியில் ஒரு ஃபைல். ஃபைலின் மேல் ஹெல்மட்.

"டீச்சர், எட்டாம் தரத்து இடாப்ப ஒருக்காக் கொண்டு வாறீங்களா? ஒரு புள்ளயிட வரவு பாக்கணுமாம்" என்றார் அதிபர்.

"எந்தப் புள்ள சேர்?"

"ஷிபானா."

"ஓம் சேர், இந்தா கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு நடந்தேன். நடந்தேன் என்று எழுதுவது மரியாதைக்காக. ஓடினேன்.

அறையில் யாரும் இல்லை. இடாப்பைத் திறந்தேன். ஷிபானாவின் பெயருக்கு நேரே அந்த மாதத்தில் பதினான்கு பென்சில் புள்ளிகள். அன்றைய புள்ளியும் அதில் சேர்த்தி. ஒரு புள்ளி என்றால் ஒரு நாள் அவள் வரவில்லை.

அழிறப்பரை எடுத்துப் பதினான்கையும் அழித்தேன். தூளை ஊதிவிட்டேன். நீலப் பேனையால் பதினான்கு சாய்ந்த கோடுகள் போட்டேன். கோடு என்றால் பிள்ளை வந்திருக்கிறாள். எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில் விழுந்தால் சந்தேகம் வரும் என்று, நாலைந்தைக் கொஞ்சம் நிமிர்த்திப் போடும் அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா.

தம்பி விரலை வைத்து அந்த வரியை மெல்லப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஒழுங்கா வாறா போல."

"ஓம் தம்பி. நல்ல புள்ள."

"இண்டைக்கும் வந்திரிக்கிறாவா?"

"ஓம். கூப்பிடவா?" என்றேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"வாணாம் டீச்சர். படிக்கட்டும்" என்றார். ஃபைலில் ஏதோ எழுதினார். மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, அதிபருக்கும் எனக்கும் ஸலாம் சொல்லிப் புறப்பட்டார்.

அன்று முழுவதும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் கை கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. எல்லாம் எனக்குச் சாதகமாக நடந்த நாள்.

ஏன் பென்சில்?

வாசகர்கள் கேட்பீர்கள், அரசாங்க இடாப்பில் பென்சிலுக்கு என்ன வேலை என்று. சட்டப்படி ஒரு வேலையும் இல்லை. வந்த பிள்ளைக்கு நீல மையில் கோடு, வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் வட்டம். காலையில் பெயர் கூப்பிட்டு அப்போதே போட்டுவிட வேண்டும்.

ஆனால் எங்கள் பாடசாலைக்குக் காலை என்பது ஒரே நேரத்தில் வருவதில்லை. முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு ஏழரைக்கு விடியும். இரண்டாவது பஸ் எப்போது வரும் என்று அதன் சாரதிக்கும் தெரியாது. களப்பின் அக்கரையிலிருந்து தோணியில் வரும் நாலைந்து பேர், காற்று ஓங்கினால் எட்டரைக்கு நனைந்த சப்பாத்தோடு வந்து நிற்பார்கள். எட்டுக்கே சிவப்பு வட்டம் போட்டுவிட்டு, எட்டரைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஏலாது. வட்டத்தை அழிக்கவும் ஏலாது.

அதனால் எனக்கு முந்தியிருந்தவர்கள் ஒரு வழக்கத்தை வைத்திருந்தார்கள். இல்லாத பிள்ளைக்குக் காலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. மாதக் கடைசியில் கூட்டிப் போடும்போது புள்ளிகளைப் பார்த்து, விசாரித்து, மை போடுவது. அதிபருக்கும் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சோதிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே எல்லா வகுப்பாசிரியர்களும் குனிந்து உட்கார்ந்து மை போடுவோம். அந்த நேரத்தில் ஆசிரியர் அறை பரீட்சை மண்டபம் மாதிரி அமைதியாக இருக்கும்.

புள்ளிக்கும் மைக்கும் இடையில் ஒரு மாதம் கிடக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனிதர்கள் இரங்கலாம், மறக்கலாம், பொய் சொல்லலாம். நான் மூன்றும் செய்திருக்கிறேன்.

பிள்ளைகள் வராததற்கு இந்தக் கரையில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. கரைவலை இழுக்கும் நாளில் மீன் நிறையப் பட்டால் வகுப்பில் பாதி கடற்கரையில் நிற்கும். தலவிலவில் திருவிழா என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகள் குடும்பத்தோடு போய்க் கூடாரம் அடித்துவிடுவார்கள். துணைக்கு முஸ்லிம் பிள்ளைகளும் இரண்டு மூன்று காணாமல் போகும். கண்டக்குழிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் பலகையில் ஏறிப் பட்டம் பிடித்துக் கடலில் ஓடும் மாதங்களில், அதைப் பார்ப்பதே ஒரு பாடம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பக்கத்துத் தெருக் கழுதைகள் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு, "டீச்சர் கூட்டிச் சொல்கிறார்" என்று புத்தளத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, நான் கழுதை விஷயத்தில் பொய் சொல்வதில்லை. கொடியில் காயப்போட்ட சீருடையின் கையைக் கழுதை சப்பிவிட்டது என்று ஒரு தாய் எழுதிய கடிதத்தையும், சப்பிய கையையும் நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு அன்று நான் போட்டது கோடுதான்.

மாஸ்டர் கூப்பிட்ட பெயர்கள்

சிவப்பு வட்டத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்பதற்கு இன்னும் பழைய ஒரு கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் ஆளுக்கொரு பையோடு வந்து, புத்தளத்துத் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். எனக்கு வயது பத்து, பதினொன்று. முகாமில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். கூரைக்குத் தார்ப்பாய். மணலில் பாய். கதிரை ஒன்றே ஒன்று, அது மாஸ்டருக்கு.

மாஸ்டர் எங்கள் ஊரிலும் எங்களுக்குப் படிப்பித்தவர்தான். முதல் நாள் காலை ஒரு கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டார். கொப்பி வெறுமையாக இருந்தது. அவர் கூப்பிட்டது ஊரில் விட்டு வந்த இடாப்பிலிருந்து, மனப்பாடமாக.

நாங்கள் ஒவ்வொருவராக "வந்திருக்கிறேன் சேர்" என்றோம். நடுநடுவே எங்களோடு படித்த தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்களும் வந்தன. அவர்கள் ஊரில் இருந்தார்கள். நாங்கள்தான் அங்கே இல்லை. அந்தப் பெயர் வரும்போது பதில் இல்லை. மாஸ்டர் ஒரு கணம் நிற்பார், பிறகு அடுத்த பெயருக்குப் போவார். வேண்டுமென்று கூப்பிட்டாரா, வாய்ப் பழக்கத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இரண்டாம் நாள் அந்தப் பெயர்களை விட்டுவிட்டார்.

அந்த இரண்டாம் நாள்தான் எனக்கு அழுகை வந்தது. பதில் இல்லாவிட்டாலும் பெயரைக் கூப்பிடலாமே என்று இருந்தது.

பின்னாளில் ஆசிரியை ஆகிக் கையில் இடாப்பு வந்தபோது, ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே வட்டம் போட எனக்கு மனம் வரவில்லை. இரக்க குணம் என்று சக ஆசிரியைகள் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். இரக்கம் என்று நாலு பேர் சொன்னால் எனக்கு மட்டும் கசக்குமா?

செவ்வாய்க்கிழமைப் பிள்ளை

ஷிபானா அந்த வருடம் எட்டாம் தரத்தில் என் வகுப்பு. ஒல்லியான பிள்ளை. முன் வாங்கில், ஜன்னல் பக்கம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருக்கிறாளா என்றே தெரியாது. கணக்கில் கெட்டி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. வாப்பா தீவுப் பக்கம் வேறொருவருடைய வள்ளத்தில் தொழில், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். உம்மா ஜெஸீமா.

முதலாம் தவணையில் ஒரு மாதம், மூன்றாம் நாளிலிருந்து அவள் வராமல் இருக்கத் தொடங்கினாள். திங்கள் இல்லை. செவ்வாய் வந்தாள். புதன், வியாழன், வெள்ளி இல்லை. அடுத்த வாரமும் அப்படியே.

செவ்வாய்க்கிழமை என் வகுப்புக்கு முதல் இரண்டு பாடமும் கணிதம். ஒரு பிள்ளை வாரம் முழுவதும் வராமல் இருந்து கணக்குப் பாடத்துக்கு மட்டும் வருகிறாள் என்றால், கணக்கு டீச்சருக்கு அதைவிடப் பெரிய இலஞ்சம் என்ன இருக்கிறது?

"ஏன் புள்ள வாறல்ல?"

"வயித்துக் குத்து டீச்சர்."

"செவ்வாய்க்கிழமை மட்டும் குத்தாதா?"

அவள் கொப்பியைத் தந்தாள். திறந்து பார்த்தேன். வராத நாட்களின் பாடமும் இருந்தது. சிநேகிதியிடம் வாங்கிப் பின்னேரங்களில் எழுதியிருக்கிறாள். திகதியும் போட்டு, கோடும் அடித்து. மற்றப் பாடக் கொப்பிகளும் அப்படியே. வந்திருந்த பிள்ளைகளே அவ்வளவு ஒழுங்காக எழுதவில்லை.

நோயாளிப் பிள்ளையின் கொப்பி அப்படி இருக்காது. அதை நான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகப் படிக்கிற பிள்ளை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, வந்த மாதிரித்தானே என்று நினைத்தேன். நாலாம் வாரம் நான் அழிறப்பரை எடுத்தபோது என் மனச்சாட்சிக்குக் காட்டிய நியாயமும் இதுதான்.

மூன்றாம் வாரம் ஜெஸீமா பாடசாலைக்கு வந்தார். சொப்பிங் பேக்கில் கொஞ்சம் கருவாடு. நான் வேண்டாம் என்றேன். அவர் மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். நல்ல கருவாடு. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டத்தனம்.

"வயித்துக் குத்து எண்டு படுத்திரிக்கிறா டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன், ஒண்டும் இல்ல எண்டாங்க. லெப்பைக்கிட்ட தண்ணி ஓதி வாங்கிக் குடுத்தன். காலைலதான் குத்துது. ரெண்டு மணிக்குப் பொறகு எழும்பிச் சோறு தின்டுடுறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. அந்தக் குத்துக்கு எங்கள் நேரசூசி தெரிந்திருந்தது.

"அடிச்சிப் பாத்தீங்களா?"

"அடிக்கக் கை வருதில்ல டீச்சர். இன்னும் எத்தின நாளைக்கு என்னோட இரிக்கப் போறா?" என்றவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

அவர் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தார். ஷிபானா சின்ன வகுப்பில் படித்தபோது ஒருமுறை போய் வந்தவர்தான். அந்த உழைப்பில் வீடு லிண்டல் மட்டத்துக்கு எழும்பி நின்றது. கூரை இல்லை. மழைக்கு அவர்கள் இன்னமும் பழைய கொட்டிலில்தான். இம்முறை போய் வந்தால் கூரை போட்டுவிடலாம்.

வெளிநாடு போகும் தாய்மாருக்குப் பிரதேச செயலகத்தில் ஒரு அறிக்கை வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பார்கள், பிள்ளை நல்ல நிலையில் இருக்கிறதா என்று உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். தேவையென்றால் பாடசாலையிலும் விசாரிப்பார். பிள்ளையைச் சாச்சி, அதுதான் சின்னம்மா, பார்ப்பதாக ஏற்பாடு.

"வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டார் டீச்சர். இனி ஸ்கூலுக்கு வருவாராம். புள்ள இப்படிப் படுத்துக் கெடந்தா, தாய் போக முந்தியே இந்தக் கெதி எண்டுதானே எழுதுவார்? இந்த மாசம் பேப்பர் சரிவராட்டி விசாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. நீங்கதான் டீச்சர் பாத்துச் செய்யணும்."

"பாப்பம்" என்றேன்.

எங்கள் பக்கம் பார்ப்பம் என்றால் செய்கிறேன் என்று அர்த்தம். இருவருக்கும் அது தெரியும்.

இடைவேளை

நான் கோடு போட்ட கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அறிக்கை சரிவந்தது. மூன்று வாரத்தில் ஜெஸீமா விமானம் ஏறினார்.

அந்த மூன்று வாரமும் ஷிபானா வந்தும் வராமலும் இருந்தாள். உம்மா போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். சீருடை சுருக்கமில்லாமல் இருந்தது. சாச்சி கவனமாக அழுத்தியிருக்கிறார் என்று திருப்திப்பட்டேன்.

இடைவேளைக்கு மணி அடித்தது. மற்றவர்கள் வெளியே ஓட, அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், பிரதேச செயலகத்தால ஒரு சேர் வந்தாரா?"

"ஓம், வந்தார்."

"நான் வாறல்ல எண்டு நீங்க சொல்லலயா?"

பிள்ளை பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். குரலைத் தணித்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"பயப்படாத புள்ள. உனக்கு ஒரு கரைச்சலும் வராது. நீ எல்லா நாளும் வந்த மாதிரித்தான் போட்டிரிக்கன்."

அவள் என் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேசையில் இடாப்பும், பென்சிலும், பாதி கடித்த ஒரு பணிஸும் இருந்தன.

"நான் வராம இருந்ததே அதுக்குத்தான் டீச்சர்" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன்.

"அந்த சேர் எங்கட வீட்டுக்கு வந்து உம்மாக்கிட்டச் சொன்னார். புள்ள ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகாட்டி இந்தப் பேப்பர் தர ஏலாது எண்டு. நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன்."

அவள் அழவில்லை. கணக்கொன்றின் படிகளைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"மறுகா நான் படுத்தன். பாடம் விட்டுப் போகக் கூடாது எண்டு கொப்பி வாங்கி எழுதினன். செவ்வாய்க்கிழம மட்டும் வந்தன், அண்டைக்கு உங்கட பாடம் ரெண்டு எண்டு."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "உம்மா உனக்காகத்தானே புள்ள போறா. கூரை போட."

"முந்தி போய்ட்டு வரக்குள்ள எனக்கு ஒரு சட்டை கொண்டு வந்தாங்க டீச்சர். ரோஸ் கலர். அது எனக்குக் கையே போகல்ல. அவங்க போகக்குள்ள நான் எவ்வளவு இருந்தனோ அந்த அளவுக்கு வாங்கிட்டாங்க. குடுக்கிறதுக்கு எனக்குத் தங்கச்சியும் இல்ல."

மணி அடித்தது. அவள் தன் இடத்துக்குப் போனாள். எனக்கு அடுத்த பாடம் ஒன்பதாம் தரத்தில் சமன்பாடுகள். போய்ப் படிப்பித்தேன். நன்றாகவே படிப்பித்தேன் என்றுதான் ஞாபகம்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கத்தத் தெரியாது, சண்டை பிடிக்கத் தெரியாது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து, வராமல் இருப்பதையே தன் பேச்சாக வைத்திருந்தாள். அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள் வகுப்பாசிரியை. நான் அதை அழிறப்பரால் அழித்து, தூளை ஊதிவிட்டேன்.

உம்மா போனது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கோடு போடாமல் இருந்திருந்தால் ஜெஸீமா நின்றிருப்பாரா என்பதும் தெரியாது. வேறு வழி தேடியிருப்பார். ஆனால் அந்தத் தம்பி பதினான்கு புள்ளிகளைப் பார்த்திருந்தால், ஏன் என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். அவளைக் கூப்பிடச் சொல்லியிருப்பார். நான் அவளை யாரும் கூப்பிடாமல் செய்தேன்.

குடை

அதன் பிறகு ஷிபானா ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலோடும் வந்தாள். மழைக்கு வகுப்பில் ஏழு பேர் இருந்த நாளில், அந்த ஏழில் அவளும் ஒருத்தி. பின்னேரம் குவைத்திலிருந்து உம்மா வீடியோ கோல் எடுப்பார், முதல் கேள்வியே "ஸ்கூலுக்குப் போனியா?" என்பதுதான் என்று சாச்சி ஒருமுறை சொன்னார். இவள் சீருடையைக் காட்டுவாளாம்.

மூன்றாம் தவணையில் பரிசளிப்பு விழா வந்தது. எங்கள் பாடசாலையில் முழு வரவுக்கு ஒரு பரிசு உண்டு. பெரும்பாலான வருடங்களில் அதை எடுக்க ஆளிருக்காது. பிரதி அதிபர் எல்லா இடாப்புகளையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் வந்து கை தட்டினார்.

"டீச்சர், உங்கட வகுப்புலதான் இந்த முறை! ஒரு நாளும் விடாத புள்ள. ஷிபானா."

மற்ற ஆசிரியைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் முதுகில் தட்டினார்.

நான் இரண்டு மாதத்துப் பக்கத்தையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பதினான்கு. அதன் பிறகு உம்மா போகும் வரைக்கும் விழுந்த புள்ளிகள். அவற்றுக்கும் நான் கோடுதான் போட்டிருந்தேன். முதலாவதை மறைக்க இரண்டாவது, வழக்கமான கதை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அரசாங்க இடாப்பில் கை வைத்தவள் என்று விசாரணை வரும். நான் பயந்தேன். "நல்ல புள்ள சேர்" என்று மட்டும் சொன்னேன். இதே வார்த்தையை இன்னொரு முறையும் சொல்லியிருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

பரிசளிப்பு ஒரு திங்கட்கிழமை. கொட்டகை போட்டு, தேவாலயச் சாமியாரும் மௌலவியும் முன் வரிசையில். பரிசு ஒரு குடை. மழைக்கும் வர வேண்டும் என்று கடை முதலாளி ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. அறிவிப்பாளர் பெயரைக் கூப்பிட்டார்.

"இந்த வருடம் ஒரு நாளேனும் சமுகமளிக்கத் தவறாத மாணவி..."

ஒருவரும் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். எட்டாம் தரத்து வரிசையில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் ஷிபானாவின் சிநேகிதி எழுந்து, "சேர், அவ இண்டைக்கு வரல்ல" என்றாள்.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சாமியார் சிரித்தார், மௌலவி சிரித்தார், அதிபர் ஒலிவாங்கியில், "வரவுக்குப் பரிசு எடுக்கிற புள்ளயே வரல்ல பாருங்க" என்று சொல்லி இன்னும் சிரிக்கவைத்தார். வகுப்பாசிரியை என்று குடையை என் கையில் தந்தார்கள். நான் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அந்தக் குடை ஆசிரியர் அறை அலுமாரியில் நெடுங்காலம் இருந்தது. அவள் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஒரு மழை நாளில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜெஸீமா இரண்டு வருடத்தில் திரும்பி வந்தார். கூரையும் போட்டாயிற்று, நல்ல ஓட்டுக் கூரை. இப்போதும் புத்தளம் பஸ் தரிப்பில் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர் செஞ்ச உதவிய மௌத்தாகும் மட்டும் மறக்க மாட்டன்" என்பார். மகள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது. நானும் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

பென்சிலை நான் விட்டுவிடவில்லை. இரண்டாவது பஸ் இன்னமும் சுணங்கித்தான் வருகிறது. ஒன்று மட்டும் மாறியது. மை போட முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன போடட்டும் என்று கேட்பேன். சில பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கும்.

திரும்பவும் அந்தப் பரிசளிப்பு நாளுக்கு வருகிறேன். விழா நாட்களில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் கோடு போட்டுவிடுவது வழக்கம். கொட்டகையிலிருந்து குடையோடு நேரே ஆசிரியர் அறைக்குப் போய் இடாப்பைத் திறந்தேன். மற்ற எல்லாருக்கும் கோடு போட்டேன். ஷிபானாவின் பெயருக்கு நேரே, பென்சிலைத் தொடாமல், சிவப்புப் பேனையை எடுத்து ஒரு வட்டம் போட்டேன்.

மறுநாள் அவள் முதல் பஸ்ஸில் வந்தாள். வகுப்பில் இன்னும் யாரும் இல்லை. புத்தகப் பையைக் கழற்றாமலே என் மேசைக்கு வந்தாள்.

"நேத்து இடாப்புப் போட்டீங்களா டீச்சர்?"

"ஓம்."

"எனக்கு?"

இடாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் முதலில் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அவளே பின்னால் புரட்டி, முதலாம் தவணைக்குப் போய், தன் வரியில் விரலை வைத்து, நான் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பிறகு முன்னால் புரட்டி நேற்றைய நாளுக்கு வந்தாள். வட்டத்தின் மேல் விரல் நின்றது.

"இது சரி டீச்சர்" என்றாள்.

போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணக்குக் கொப்பியை எடுத்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.